முட்டை லாரியில் வந்த காற்று

ஜனவரி 5

தீவனக் கம்பெனிக்காரர் புது டைரி கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்துக்குப் பக்கம் முட்டை, சாவு, தீவனம் என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். பண்ணை விவரமெல்லாம் என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறார். அதனால் இந்தக் கட்டங்களின் தலைமேலேயே நான் எழுதப்போகிறேன். ஐம்பத்தொரு வயதில் எழுத என்ன இருக்கிறது என்றால், முதுகுவலி இருக்கிறது. பத்தாயிரம் கோழிக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்த முதுகு. டாக்டர் நீச்சல் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் மகள் இந்துஜா போன் செய்தாள். அவள் அப்பாவுக்குத்தான். அந்தமானில் காற்று அதிகமாம், இன்றைக்குப் படகு போகவில்லையாம். எனக்கு முட்டைத் தட்டு அடுக்குகிற வேலை இருந்ததால் பேசவில்லை. இரண்டு வருஷமாக அவள் போன் வரும்போதெல்லாம் நான் தட்டுதான் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 9

பக்கத்து என்ஜினியரிங் காலேஜில் காலையில் ஒரு மணி நேரம் நீச்சல் குளத்தை ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். புடவையோடு இறங்கக் கூடாது என்று போர்டு. லெக்கின்ஸும் முழுக்கை டீஷர்ட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடியில் பார்த்தால் கபடி டீமில் இருந்து ரிட்டயர் ஆனவள் மாதிரி இருந்தேன்.

கோச் பெயர் பெர்க்மான்ஸ். தூத்துக்குடிக்காரர், நாற்பது வயது இருக்கும். நேவியில் முக்குளிக்கிற பிரிவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, ராசிபுரத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டவர். நான் ஒரே மூச்சில் குளத்தின் நீளம் முழுக்க அடியிலேயே போய் எழுந்ததும் அவர் வாயைப் பிளந்தார்.

"யக்கா, இது எங்க படிச்சிய?"

"கெணத்துலதானுங்க. சின்னதுல சொம்பைத் தூக்கிப் போட்டு, அடியில போயி எடுத்துட்டு வருவோம். எங்கூர்ல எனக்கு ஈடாத் தம் கட்றதுக்கு ஆளே இல்லைங்க."

அவருடைய போனின் முகப்பில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் நிற்கிற படம். சும்மா கேட்டு வைத்தேன், இதை எங்கே கற்றுக்கொடுப்பார்கள் என்று. பாண்டிச்சேரி, கொச்சி என்றார். நாலைந்து நாள் தங்க வேண்டுமாம். கோழிக்கு லீவு கிடையாது. என் வீட்டுக்காரரிடம் ஐந்து நாள் பண்ணையை விட்டால் கோழிகள் முட்டையிடவே மறந்துவிடும்.

"நம்மூர்ல யாரும் இல்லீங்களா?"

பெர்க்மான்ஸ் சிரித்தார். சொல்லிக்கொடுக்கிற லைசென்ஸ் அவரிடமே இருக்கிறதாம். ஆறு சிலிண்டரும் மற்ற சாமானும் மாமனார் வீட்டுப் பரணில் கிடக்கிறதாம். "மூணு சங்கதி வேணும்க்கா. குளம் இருக்கு. சிலிண்டர்ல அடைக்கதுக்குக் காத்து, கடைசிப் பரீட்சைக்கு ஆழமான தண்ணி. இது ரெண்டும் நாமக்கல்ல எங்க இருக்கு?"

இல்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் எனக்குப் பிடிக்காது. மற்றபடி இந்துஜா அங்கே டைவிங் சொல்லித்தருவதற்கும் நான் கேட்டதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜனவரி 18

பொங்கலுக்குத் திருச்செங்கோட்டில் இருந்து தம்பி வந்திருந்தான். அவனுக்கு ரிக் வண்டி இரண்டு ஓடுகிறது, போர் போடுகிற வேலை. காற்று வேண்டும் என்றேன். "அக்கா, நம்மகட்ட இல்லாத கம்ப்ரசரா? ஆயிரம் அடிக்கு மண்ணையே மேல தள்ளுது. ஒரு சிலிண்டர் பெரிய விசயமா?" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலி சிலிண்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு, அவனையும் வண்டியையும் காலேஜ் வாசலுக்கே கூட்டிப் போய்விட்டேன்.

பெர்க்மான்ஸ் வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தார். காற்று வருகிற குழாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார். கைக்குட்டை கறுப்பாகிவிட்டது.

"இந்த ஆயிலை நெஞ்சுக்குள்ள இழுத்தா, கீழ போன ஆளு கீழயேதான்க்கா. மூச்சுக் காத்துக்குத் தனி மிசின் உண்டு. அடைக்க அழுத்தமும் இதைப்போல பல மடங்கு வேணும்."

தம்பி முகம் செத்துப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரிக் வண்டியைப் பற்றி அவன் பேசவே இல்லை.

ஜனவரி 23

கிடைத்துவிட்டது! கண்ணுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

தட்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். நம் சின்ராசு ஓட்டுகிற முட்டை லாரி தினமும் எங்கே போகிறது? கொச்சிக்கு. வரும்போது என்ன கொண்டுவருகிறது? காலித் தட்டு. காற்று அடைக்கிற மிஷின் எங்கே இருக்கிறது? பெர்க்மான்ஸோடு நேவியில் இருந்தவர் கொச்சியில் நடத்துகிற டைவிங் கடையில். எனக்கு எழுந்து ஒரு குதி குதிக்க வேண்டும் போல இருந்தது. முதுகை நினைத்து விட்டுவிட்டேன்.

சின்ராசு சிலிண்டரைத் தள்ளி நின்று பார்த்தான். "அக்கா, இது வெடிச்சுதுன்னா பாலக்காடு வரைக்கும் ஆம்லெட்டுங்க."

"போறப்போ முட்டை, காலி சிலிண்டர். வர்றப்போ காத்து, காலித் தட்டு. வெடிச்சாலும் முட்டை தப்பிச்சுக்கும்ப்பா."

"நானுங்க்கா?"

கடைக்காரரே சோதித்துப் பார்த்துத்தான் அடைப்பார், படுக்கவைத்துக் கட்டினால் பயமில்லை என்று பெர்க்மான்ஸ் வந்து விளக்கிய பிறகுதான் சம்மதித்தான்.

இப்போது வீட்டுக்காரருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "முதுகுக்கு நல்லதுன்னா செய்யி" என்றார்.

ஜனவரி 30

ஆழம் தேடி அலைந்த கதை. நம் பண்ணைக் கிணறு எண்பது அடி, ஆனால் மோட்டார் பைப்பும் கயிறுமாகக் கிடக்கிறது. ஏரிக்குப் போனால் சீமைக் கருவேலம் வரவேற்கிறது. அணையில் இறங்கவிட மாட்டார்கள். கோயில் தெப்பக்குளத்தைப் பெர்க்மான்ஸ் ஆசையாகப் பார்த்தார். "சும்மா வாங்க" என்று இழுத்து வந்துவிட்டேன்.

கடைசியில் கரட்டுக் குன்றுக்குப் பின்னால், ஓட்டம் நின்று எட்டு வருஷமான கல்குவாரி. மேலிருந்து பார்த்தால் பச்சைப் பாட்டில் நிறத்தில் தண்ணீர். கயிற்றில் படிக்கல்லைக் கட்டி இறக்கினோம். இழுத்து அளந்தால் ஐம்பத்தெட்டு அடி. பெர்க்மான்ஸ் அந்த ஈரக்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை முழம் போட்டுப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த ஊரை அவர் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 3

குவாரிக்காரர் முடியவே முடியாது என்றார். "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என்ற தலைதானுங்க உருளும்." மூன்றாவது தடவை போய் உட்கார்ந்ததும் தாமாகவே வாயைத் திறந்தார். அவருடைய பதினைந்து குதிரைச் சக்தி மோட்டார் அடியில் கிடக்கிறதாம். குவாரியை மூடிய வருஷம் சங்கிலி அறுந்து விழுந்தது. கிணற்றில் முங்குகிற ஆட்கள் இரண்டு பேர் முயன்றும் அவ்வளவு ஆழத்தில் கயிறு கட்டத் தம் பற்றவில்லை.

"அதுக்கு ஒரு கயிறு கட்டிக் குடுத்துருங்க. அப்புறம் குழி உங்குளுது."

எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 11

இன்றைக்குத் தண்ணீருக்குள் மூச்சு விட்டேன். இதை இன்னொரு தடவை எழுத வேண்டும். தண்ணீருக்குள் மூச்சு விட்டேன்!

வாயில் வைக்கிற கருவிக்குப் பெயர் ரெகுலேட்டர். கேஸ் அடுப்புக்குத்தான் ரெகுலேட்டர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பத்தடிக் குளத்தின் அடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, கொச்சிக் காற்றை இழுத்து விட்டேன். கொஞ்சம் ரப்பர் வாசனை. முட்டை வாசனை இல்லை.

ஆனால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆசானுக்கு நம் திறமையைக் காட்டலாம் என்று, காற்றை நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் இருபது விநாடி உட்கார்ந்துவிட்டு, அப்படியே மேலே கிளம்பினேன். பெர்க்மான்ஸ் பாதியில் பிடித்து நிறுத்தி, வெளியே கொண்டுவந்து கத்தினார். அவ்வளவு சாதுவான மனுஷன் கத்துவார் என்று எனக்குத் தெரியாது.

"மூச்சை அடக்கவே கூடாதுக்கா! கிணத்துல நீங்க மேல இருந்து காத்தைக் கொண்டு போறீய. இது கீழ வாங்குன காத்து. மேல வர வரப் பெருசாவும். ஊட்டிக்குச் சிப்ஸ் பாக்கெட் கொண்டு போனா எப்படி உப்புது? அது உங்க நுரையீரலுக்கு நடக்கும். கிழிஞ்சிரும்."

இதைவிட அவமானம் வேண்டுமா? ஊரில் எதற்காக என்னைக் கொண்டாடினார்களோ, அதையே செய்யக் கூடாதாம்.

பிப்ரவரி 16

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் 'நன்றாக இருக்கிறேன்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். இது தெரியாமல் நாலு தடவை மேலே வந்தாயிற்று. நன்றாக இருப்பதற்கு விரலை வட்டமாகப் பிடிக்க வேண்டும்.

பிப்ரவரி 17

கோழிக்குத் தடுப்பூசி. முதுகு வலிக்கவில்லை. டாக்டர் சொன்னது சரிதான் போல.

பிப்ரவரி 27

ஈஸ்டர் நோன்பு தொடங்கியதில் கேரளத்தில் முட்டை போவது குறைந்துவிட்டது. லாரி வாரத்துக்கு இரண்டு தடவைதான். காற்றும் வாரத்துக்கு இரண்டு தடவைதான். பெர்க்மான்ஸும் நோன்பு. கறி மீன் இல்லாததில் மனுஷன் சிடுசிடு என்று இருக்கிறார்.

எல்லாம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. முகத்தில் மாட்டுகிற கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறினால் மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். தண்ணீர் கண்ணைத் தொட்டதும் என் மூச்சு தானாகப் பூட்டிக்கொள்கிறது. பத்துக்கு ஏழு தடவை சரியாக வருகிறது. மூன்று தடவை பூட்டிக்கொள்கிறது.

மார்ச் 10

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

குவாரியில் முதல் இறக்கம். கரையில் என் வீட்டுக்காரர், சின்ராசு, குவாரிக்காரர் மூவரும் நின்றார்கள். பெர்க்மான்ஸ் என் பக்கத்திலேயே வந்தார். பத்தடி வரைக்கும் வெதுவெதுப்பு, அதற்குக் கீழே பானைத் தண்ணீர் மாதிரி குளிர். பாறைச் சுவரில் வெடி வைத்த துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஜிலேபி மீன் இரண்டு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயின. முப்பது அடி.

அங்கே கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மூச்சைப் பூட்டிக்கொண்டேன். காலை உதைத்து மேலே கிளம்பினேன். பெர்க்மான்ஸ் என் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். நான் அவரை அடித்தேன், முகத்திலேயே அடித்தேன். அவர் விடவில்லை. என் முகத்துக்கு நேரே வந்து, தன் நெஞ்சைத் தொட்டு, விடு, விடு என்று கையால் காட்டினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் குமிழி குமிழியாக விட்டேன்.

அந்த நேரத்தில் எனக்குச் சாமி நினைவு வரவில்லை. சேலம் ஜங்ஷன்தான் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் வேலையில் இருந்த இந்துஜா, ஆபீஸ் டூர் என்று அந்தமான் போய் ஒரு தடவை தண்ணீருக்குள் இறங்கிவிட்டு வந்து, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாள். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அங்க போயி செத்துக்கித்து வெச்சீன்னா, எனக்குத் தகவல் சொல்ல வேண்டாம்." அவள் என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

பெற்ற வாயால் சொன்னேன். பயத்தில்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன். தண்ணீருக்குள் மூச்சு நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மார்ச் 11

முட்டை 9,140. சாவு 2.

மார்ச் 12

சின்ராசுவிடம் சிலிண்டர் இனி வேண்டாம் என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

மார்ச் 14

சாயங்காலம் போன் வந்தது. நான் எழுந்து தட்டுப் பக்கம் போனேன். பேசி முடித்துவிட்டு அவர் என் பின்னாலேயே வந்தார். முப்பது வருஷத்தில் என்னிடம் அவர் குரலை உயர்த்தியதில்லை. இன்றைக்கும் உயர்த்தவில்லை.

"மரகதம், ரெண்டு வருசமா ஒவ்வொரு போன்லயும் கடைசியா அந்தப் புள்ள ஒண்ணு கேக்குது. அம்மா பேசுவாங்களாப்பாங்குது. தட்டு அடுக்கிட்டு இருக்கான்னு சொல்றேன். எத்தன தட்டுத்தான் அடுக்குவ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோழிகளுக்கு முன்னால் நின்று அழுதேன். அவர் பாட்டுக்குத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார், கோணல்மாணலாக.

"போயி அந்தப் பாடத்தை முடிச்சுட்டு வா. நானு புள்ளகிட்ட எதுவும் சொல்லல" என்றார். எனக்கும் முதுகுவலிக்கும் நடுவில் இருந்த ரகசியம் அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

பெர்க்மான்ஸுக்குப் போன் போட்டு அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நேவியில இதைவிட நல்லாவே வாங்கியிருக்கேன்க்கா. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்துருதேன்" என்றார். சிலிண்டரை என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, சின்ராசு வாய்விட்டுச் சொன்னான். நிறுத்தச் சொன்ன அன்றைக்கே அவன் ஆறையும் கொச்சிக்குக் கொண்டுபோய் நிறைத்து வந்துவிட்டானாம். "நீங்க எதையும் பாதியில வுடுவீங்களாங்க்கா?"

மார்ச் 17

முப்பது அடி. கண்ணாடிக்குள் நானே தண்ணீரை விட்டேன். வேண்டுமென்றே, விளிம்பு வரை. மூக்கால் ஊதினேன். போய்விட்டது. மறுபடி விட்டேன், ஊதினேன். பெர்க்மான்ஸ் போதும் என்று காட்டியும் நிறுத்தாமல் ஐந்து தடவை செய்தேன். ஐந்துக்கு ஐந்து.

அரை மணி நேரம் கழித்து இன்னொரு தடவை இறங்கினோம். நாற்பது அடி.

மார்ச் 24

இன்றைக்குப் படிப்பு முடிந்தது. குருத்தோலை ஞாயிறு என்று பெர்க்மான்ஸ் சட்டைப் பையில் ஓலைச் சிலுவையோடு வந்தார். நாலாவது இறக்கத்தில் பரீட்சை எல்லாம் முடிந்து, அவர் கை குலுக்கினார். நான் கீழே கை காட்டினேன். மோட்டார்.

சிலிண்டரை மாற்றிக்கொண்டு ஐந்தாவது தடவை போனோம். ஐம்பத்தெட்டு அடியில், சேற்றில் பாதி புதைந்து, பாசி பிடித்துக் கிடந்தது. சங்கிலி மாட்டுகிற கொக்கியைச் சேறு கலங்காமல் தேடினேன். அவசரமே இல்லை. இழுத்து விட்டேன், இழுத்து விட்டேன். கிணற்று மோட்டாருக்குப் போடுகிற அதே முடிச்சு, கைக்குத் தெரிந்த முடிச்சுத்தான். கட்டி முடித்ததும் கயிற்றை மூன்று தடவை சுண்டினேன்.

மெதுவாக, மூச்சு விட்டுக்கொண்டே மேலே வந்தோம். நாங்கள் தள்ளிக் கரையேறிய பிறகு டிராக்டர் இழுத்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மோட்டார் வெளியே வந்தபோது குவாரிக்காரர் துண்டைத் தூக்கி வீசி, "வந்துருச்சு! என்ற மோட்டாரு வந்துருச்சு!" என்று கத்தினார். சின்ராசு விசில் அடித்தான். என் வீட்டுக்காரர் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து, சொட்டச் சொட்ட நின்ற என் தோளில் கை போட்டார். அத்தனை பேர் முன்னால்! கல்யாண போட்டோவிலேயே இரண்டடி தள்ளி நின்ற மனுஷன்.

ஏப்ரல் 6

டைவிங் படிப்பை முடித்ததற்கான கார்டு வந்துவிட்டது. என் பெயர், என் படம். படத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தமானில் இந்துஜா வேலை பார்க்கிற டைவிங் கடைக்கு நானே மெசேஜ் அனுப்பி இடம் பிடித்தேன். பண்ணையை அவர் பார்த்துக்கொள்கிறார். எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு பக்கம். இருந்தாலும் பயம்தான்.

ஏப்ரல் 18, அந்தமான்

காலை ஏழு மணி. படகில் கல்கத்தாக்காரர்கள் நாலு பேர், நான். இந்துஜா படகின் முனையில், முதுகைக் காட்டிக்கொண்டு சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கறுத்துப்போயிருக்கிறாள். தோள் அகலமாகியிருக்கிறது. பட்டியலை எடுத்துக்கொண்டு திரும்பி, ஒவ்வொரு பெயராகப் படித்தாள். "மரகதம் அர்த்தநாரி" என்றாள். படித்துவிட்டு நின்றுவிட்டாள். பட்டியலை மறுபடி பார்த்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

கார்டை நீட்டினேன். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தன டைவ் போயிருக்கீங்க?" மற்றவர்களிடம் கேட்கிற குரலிலேயே கேட்டாள்.

"அஞ்சு."

"எங்கீங்க?"

"நாமக்கல்."

அது எந்தக் கடல் என்று கல்கத்தாக்காரர் ஒருவர் இந்தியில் கேட்டார்.

அவளே என் பெல்ட்டை இறுக்கினாள். சிலிண்டரைத் திறந்து காற்று முள்ளைப் பார்த்தாள். குதித்தோம். நாற்பது அடியில் மணல். சுற்றிலும் பவளம், நீலமும் மஞ்சளுமாக மீன்கள். அதையெல்லாம் அப்புறம்தான் பார்த்தேன். அவள் எனக்கு நேர் எதிரில் மண்டியிட்டு, கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். பரீட்சை வைக்கிறாள், என் மகள்! கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு, ஒரே ஊதலில் வெளியேற்றினேன். விரலை வட்டமாகப் பிடித்துக் காட்டினேன்.

அவள் வட்டம் காட்டவில்லை. அவள் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. அது கடல் தண்ணீர் இல்லை. அவளும் மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டியிருந்தது, இரண்டு தடவை. அதற்குப் பிறகு என் கையைப் பிடித்தவள் மேலே வரும்வரை விடவில்லை. கீழே பேச முடியாது என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு!

படகில் ஏறியதும் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நம்மூர்ல ஏதுங்கம்மா கடலு?"

"கடலு எதுக்கு சாமி? கல்லுக்குழி இருக்குது. அன்னைக்கு ஸ்டேசன்ல நானு சொன்னது தப்பு. அம்மாவ மன்னிச்சுரு கண்ணு."

"மேல வந்ததும் பேசக் கூடாதுங்கம்மா. தண்ணி குடிங்க மொதல்ல" என்றாள் அழுதுகொண்டே. அப்படி ஒரு சட்டமே கிடையாது. எனக்குத் தெரியும், நான் கார்டு வைத்திருப்பவள்.

ஏப்ரல் 19

தண்ணீருக்குள் போனவர்கள் பதினெட்டு மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது. இது நிஜமான சட்டம். யார் போட்டார்களோ, நன்றாக இருக்கட்டும். நாள் முழுக்கப் பேசினோம். அவருக்குப் போன் செய்து இரண்டு பேருமாகப் பேசினோம். "இப்ப நானு தட்டு அடுக்கிட்டு இருக்கறேன்" என்றார்.

மே 2

முட்டை 9,305. ஒரு கோழிகூடச் சாகவில்லை. நான் இல்லாதபோதும் இப்படித்தான் இருந்ததாம். அவரிடம் இதைப் பாராட்டிச் சொல்லப்போவதில்லை.

அந்தமானில் ஜூன் மழைக்குப் படகுகளை நிறுத்திவிடுவார்களாம். காலையில் சின்ராசு கொச்சிக்குக் கிளம்பியபோது லாரியை மறித்து நின்றேன்.

"ஜூன் மாசம் மொத வாரம் சிலிண்டர் வேணும்ப்பா. எட்டு."

"நம்மகட்ட ஆறுதானுங்களே இருக்குது?"

"ரெண்டு அந்தக் கடையில வாடகைக்குக் கேளு. புள்ள வர்றாப்பா."